அறுபதில் வரும் நடுக்கம்

பல் டாக்டர் ஜீப்புக்கு அடியில் போய்ப் படுத்தது எதையும் தொடுவதற்காக அல்ல. பார்ப்பதற்காக மட்டும். இதை அவர் மனைவியிடம் மூன்று முறை சொல்லிவிட்டார். மூன்றாவது முறை சொன்னபோது கையில் பத்தொன்பதாம் நம்பர் ஸ்பானர் இருந்தது.

“பாக்கறதுக்கு ஸ்பானர் எதுக்குங்க?”

“சுட்டிக் காட்ட.”

“யாருக்கு?”

ஜீப்புக்கு அடியில் அவரைத் தவிர யாரும் கிடையாது.

ஜீப் மாமனாருடையது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு வாங்கி, முரட்டு டயர் போட்டு, மூன்று அங்குலம் உயர்த்தி, தெருவில் போகிற பஸ்ஸையே கீழே குனிந்து பார்ப்பதுபோல நிறுத்தி வைத்திருந்தார். ஒன்பது நாளைக்கு முன்பு மாமியாரோடு வெளியூர் கிளம்பும்போது சாவியை மருமகன் உள்ளங்கையில் வைத்தார். வைத்துவிட்டுக் கையை விடவில்லை.

“மாப்பிள்ளை, பத்து நாள். தினம் ஒரு ரவுண்டு ஓட்டுங்க, தொடைங்க, பக்கத்துல நின்னு போட்டோகூட எடுத்துக்கங்க. ஆனா ஒரு நட்டு, ஒரே ஒரு நட்டுல கை வெச்சீங்கன்னு தெரிஞ்சுது, அடுத்த மாசம் மலைக்குப் போறப்ப முன்சீட்டுல உங்க மச்சான் உக்காந்திருப்பான்.”

மச்சான்! வண்டி கிளம்பி மூன்றாவது நிமிடத்தில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிடுகிறவன். அவனுக்கு எதற்கு முன்சீட்டு? ஓடையில் இறங்கி, பாறையில் ஏறி, சேற்றில் சறுக்கி மேலே போகிற அந்தப் பாதையை டாக்டர் இரண்டு வருடமாகக் கனவில் ஓட்டிக்கொண்டிருக்கிறார். பல் பிடுங்கும்போதுகூட ஒரு கால் கற்பனை கிளட்ச்சில் இருக்கும்.

ஆனால் மாமனாரையும் குறை சொல்ல முடியாது. அந்த வீட்டில் டாக்டர் கை வைத்த சாமான்களுக்கு ஒரு சரித்திரமே உண்டு. மின்விசிறி, சுவர்க்கடிகாரம், தண்ணீர் மோட்டார். எல்லாம் இன்றைக்கும் ஓடத்தான் செய்கின்றன. என்ன, ஒவ்வொரு முறையும் இரண்டு திருகாணி மிச்சமாகி, அவற்றை ஒரு டப்பாவில் போட்டு வைப்பார். டப்பா நிரம்பப் போகிறது.

எட்டு நாள் அவர் உண்மையிலேயே தொடவில்லை. ஆனால் ஓட்டினார் இல்லையா? அங்கேதான் வினை. வேகம் அறுபதைத் தொட்டதும் ஜீப்புக்குள் ஒரு நடுக்கம் வந்தது. முதலில் சீட்டில் ஆரம்பிக்கும். அப்புறம் முதுகெலும்பு வழியாக ஏறி, கடைவாய்ப் பல்லில் போய் உட்காரும். பின்னால் வருகிற ஒரு லாரி கண்ணாடியில் இரண்டு லாரியாகத் தெரியும். ஒரு பல் டாக்டர் இதைச் சகித்துக்கொண்டு எத்தனை நாள்தான் சும்மா இருப்பார்?

ஒன்பதாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. கிளினிக் லீவு. பின்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, உள்ளே நுழைந்துவிட்டார்.

பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது. அதாவது, புரிந்துவிட்டதாக அவருக்குத் தோன்றியது. கியர்பாக்ஸிலிருந்து பின் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஷாஃப்ட், வண்டியை உயர்த்தியதால் சறுக்குமரம் மாதிரிச் சரிந்து நிற்கிறது. பின்னால் அது போய்ச் சேரும் இடம், பின் அச்சை மூடியிருக்கும் ஹவுசிங் என்ற இரும்புக் கூட்டின் மூக்கு. அந்த ஹவுசிங்கை ஆர்ம் என்கிற நான்கு இரும்புக் கைகள் பிடித்திருக்கின்றன, மேலே இரண்டு, கீழே இரண்டு. எல்லாம் மரை போட்டவை. திருப்பினால் நீளும், சுருங்கும். மேல் ஆர்ம் நீண்டால் மூக்கு நிமிரும், கீழ் ஆர்ம் நீண்டால் மூக்கு கவிழும். அவ்வளவுதான் விஷயம்.

“நான் தினம் வாய்க்குள்ள பண்றதுதான் இது. கோணப் பல்லு. கம்பி போட்டு நேராக்கணும்” என்றார் டாக்டர்.

“உங்க பேஷன்ட்டுக்கெல்லாம் ரெண்டு வருஷம் ஆகும்னு சொல்வீங்களே.”

“இது பேஷன்ட் இல்ல, ஜீப்பு. வலிக்குதுன்னு சொல்லாது.”

ஒரு வீடியோவில் தாடிக்காரர் ஒருவர் சொன்னார், மூக்கு ஷாஃப்ட்டை நேருக்கு நேர் பார்க்க வேண்டுமாம். டாக்டர் மேல் ஆர்ம் இரண்டையும் ஆறு சுற்று நீட்டினார். மூக்கு ஜம்மென்று நிமிர்ந்து ஷாஃப்ட்டை முறைத்தது. அழகு! ஸ்பானருக்கு ஒரு முத்தம் கொடுத்துக் கீழே போட்டார். அது சிமென்ட் தரையில் விழுந்து ஊரே கேட்கும்படி ‘டணார்’ என்றது.

மனைவி அந்த நேரம் பார்த்து போனில் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தாள்.

“இல்லம்மா, ஒண்ணுமில்ல. பாத்திரம் விழுந்துச்சு. ஆமா, இரும்புப் பாத்திரம்தான். வண்டியா? வண்டி நிக்குதும்மா. நல்லா நிக்குது.” போனை வைத்துவிட்டு வந்தாள். “உங்களால நான் பொய் சொல்ல வேண்டியிருக்கு.”

“எங்க பொய் சொன்ன? வண்டி நிக்குதுல்ல?”

சக்கரத்தை இறக்கி ஒரு ரவுண்டு போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார். வேகத்தில் வரவில்லை என்பதுதான் உண்மை. முன்பு அறுபதில் வந்த நடுக்கம் இப்போது நாற்பதிலேயே வந்து, கூடவே பாட்டும் பாடியது.

“சரியாயிடுச்சா?”

“நோய் எங்க இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு.”

“அதாவது?”

“ஜாஸ்தியாயிடுச்சு.”

மூக்கு அதிகமாக நிமிர்ந்துவிட்டது, அவ்வளவுதானே? கவிழ்த்தால் போச்சு. நியாயமாகப் பார்த்தால் மேல் ஆர்மில் நீட்டிய ஆறு சுற்றையும் திரும்பச் சுருக்கியிருக்க வேண்டும். ஆனால் செய்த வேலையை அழிப்பது டாக்டரின் ரத்தத்திலேயே கிடையாது. மறுபடி ஜாக்கி வைத்துத் தூக்கி, கீழ் ஆர்மை நீட்ட ஆரம்பித்தார். வலது பக்கம் எட்டுச் சுற்று, சுத்தமாக முடிந்தது. இடது பக்கத்துக்கு உருண்டார்.

“அஞ்சு… ஆறு… ஏழு…”

“என்னங்க, மதியத்துக்கு எத்தனை பேர்? உங்க கிளினிக் பொண்ணு வரேன்னாளே, அவளும் சேர்த்தா?”

“மூணு… சீ, நாலு! உன் தம்பி வந்தாலும் வருவான். நாலு வெச்சுக்கோ.”

“சரி.”

“அஞ்சு… ஆறு… ஏழு… எட்டு. முடிஞ்சுது!”

எல்லா போல்ட்டையும் சக்கரம் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினார். இறக்கினார். ஜீப் முழுசாக இறங்கவில்லை. பின்பக்கத்தை லேசாகத் தூக்கிக்கொண்டு, ஓட்டப்பந்தயத்தில் விசிலுக்காகக் காத்திருப்பவன் மாதிரி நின்றது.

“என்னங்க இது, குனிஞ்சுகிட்டு நிக்குது?”

“ஓட்டினா உக்காந்துடும்.”

ஓட்டினார். உட்காரவில்லை. அதுகூடப் பரவாயில்லை. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தால் ஜீப் கோணலாகப் போனது. நேராகப் போக வேண்டுமானால் ஸ்டியரிங்கைக் கோணலாகப் பிடிக்க வேண்டியிருந்தது. பின்பக்கம் ஒரு தடத்தில், முன்பக்கம் இன்னொரு தடத்தில். தெருமுனைப் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மாள், வண்டி தன்னைப் பார்த்து வருகிறதா இல்லையா என்று புரியாமல் உள்ளே போய்விட்டார். ஒவ்வொரு பள்ளத்திலும் இடது டயர் எதையோ உரசிக் ‘கர்ர்’ என்று காறியது. நடுக்கமா? அது முப்பதிலேயே வந்தது.

நண்டு மாதிரி நகர்ந்து வீட்டுக்குள் நுழைந்தபோது மனைவி கேட்டிலேயே நின்றிருந்தாள். கையில் போன். முகத்தில் ரத்தம் இல்லை.

“அம்மா பேசினாங்க. நாளைக்கு வரலையாம்.”

“அப்பாடா! எப்ப வராங்க?”

“இன்னைக்கு. மூணு மணிக்கு.”

டாக்டர் மணி பார்த்தார். பன்னிரண்டே கால். மலை, ஓடை, பாறை, முன்சீட்டு. முன்சீட்டில் வாயைத் திறந்து தூங்கும் மச்சான். எல்லாம் வரிசையாகக் கண் முன்னால் வந்து போயின.

“ஒண்ணு செய்யலாம். வண்டிய யாரோ இடிச்சுட்டாங்கன்னு சொல்லிடலாம்.”

“அடியிலிருந்தா?”

“இல்ல, திருடன் வந்து…”

“ஆர்மை நீட்டிட்டுப் போயிட்டானா? ஏங்க, தெரிஞ்சவங்க யாரையாவது கூப்பிடுங்களேன்!”

தெரிந்தவர் ஒருவர் இருந்தார். டாக்டரிடம் நான்கு மாதமாகப் பல்லுக்குக் கம்பி போட்டுக்கொண்டிருக்கும் லாரி மெக்கானிக். டாக்டரின் கை முழுக்க கிரீஸ் என்பதால் மனைவி வீடியோ கால் போட்டு, போனை ஜீப்புக்கு அடியில் நீட்டினாள். மறுமுனையில் மெக்கானிக்கும் எங்கோ நடுவழியில் ஒரு லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தார். இரண்டு பேரும் இரண்டு வண்டிக்கு அடியிலிருந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“என்ன டாக்டர், க்ளினிக்க இங்க மாத்திட்டீங்களா?”

“விளையாடாதீங்க. மூணு மணிக்கு மாமனார் வரார்.”

இந்த ஒரு வாக்கியத்தில் மெக்கானிக்குக்குக் கால்வாசி புரிந்தது. மீதியை டாக்டர் சொல்லச் சொல்ல, அவர் தலையில் அடித்துக்கொள்ளப் பார்த்து லாரியில் இடித்துக்கொண்டார்.

“அந்த வீடியோல சொன்னது வேற ஷாஃப்ட்டுக்கு. மேல்முனையில ரெட்டை மூட்டு இருக்கும் அதுல. உங்களுதுல பாருங்க, அந்தப் பக்கம் ஒரு கிராஸ் மூட்டு, இந்தப் பக்கம் ஒரு கிராஸ். கழுத்து மாதிரி. அப்படித்தானே?”

“ஆமா.”

“அப்போ கியர்பாக்ஸ் எந்தச் சாய்வுல நிக்குதோ, மூக்கும் அதே சாய்வுல நிக்கணும். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு இணையா. மேல கழுத்து எவ்ளோ மடங்குதோ கீழயும் அவ்ளோதான் மடங்கணும். அப்பதான் இது ஒதறுறத அது சரிக்கட்டும். நீங்க ஒரு கழுத்த நேராக்கிட்டு இன்னொண்ண ஒடிச்சு வெச்சிருக்கீங்க.”

“அப்புறம் வண்டி ஏன் நண்டு மாதிரி போகுது?”

“ரெண்டு பக்கமும் ஒரே நீளமா வெச்சீங்களா?”

“எண்ணி வெச்சேங்க! எட்டு, எட்டு.”

மனைவியின் முகம் போனுக்குப் பக்கத்தில் வந்தது. “ஏழுல இருந்தப்போ நான் சாப்பாட்டுக்குக் கேட்டேன். நாலுன்னு சொல்லிட்டு, அஞ்சுலேருந்து எண்ணினார்.”

“அப்போ அந்தப் பக்கம் பதினொண்ணு” என்றார் மெக்கானிக். “எண்ணிக்கைய நம்பாதீங்க, டேப் வெச்சு அளங்க. அப்புறம் போல்ட்டு. வண்டி தொங்கும்போதே டைட் பண்ணியிருப்பீங்களே?”

“எப்படித் தெரியும்?”

“பின்னாடி தூக்கிக்கிட்டு நிக்கும். டயர் தரையில உக்காந்த அப்புறம்தான் கடைசி முறுக்கு. இல்லன்னா உள்ள இருக்கற ரப்பர் புஷ்ஷெல்லாம் திருகிக்கிட்டு நிக்கும்.”

“முடியுமாங்க? மூணு மணிக்குள்ள?”

மெக்கானிக் வாயைத் திறந்து தன் பல்லைக் கேமராவுக்குக் காட்டினார். கம்பி பளபளத்தது.

“நேத்து எனக்கு இத முறுக்கிவிட்டுட்டு என்ன சொன்னீங்க? ‘கொஞ்சம் கொஞ்சமாத்தான் இழுக்கணும், ஒவ்வொரு தடவையும் கடிச்சுப் பாக்கணும், அவசரப்பட்டா தாடையே கோணிடும்’னு சொன்னீங்களா இல்லையா? ராத்திரி பூரா நான் கஞ்சி குடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அதையே இங்க பண்ணுங்க. வைக்கட்டா? இங்க ஒருத்தர் ஹாரன் அடிக்கிறார்.”

பதினான்கு வருடமாகத் தினமும் வாயால் சொல்வதை ஒரு ஸ்பானரைக் கண்டதும் எப்படி மறந்தோம் என்று டாக்டருக்கே வெட்கமாக இருந்தது. பிறகு கையைத் துடைத்தார்.

“அந்த டேப்பக் கொண்டா. என் பேனா டார்ச்சையும். அப்புறம் ஒரு மணி நேரத்துக்கு என்கிட்ட எந்த நம்பரும் கேக்காத.”

“கேக்கல சாமி.”

நான்கு ஆர்மையும் அளந்தார். வலதும் இடதும் மயிரிழைகூடப் பிசகாமல் சமமாக்கினார். மேலே நீட்டியதை, மனம் கசந்தாலும், சுருக்கினார். வண்டியை இறக்கி, கியர்பாக்ஸின் முகத்தில் போனை வைத்துச் சாய்வு பார்த்தார், மூக்கில் வைத்துப் பார்த்தார். இரண்டு பாகை வித்தியாசம். அரைச் சுற்று. மறுபடி பார்த்தார். ஒரு பாகை. கால் சுற்று. மனைவி பக்கத்தில் தாளும் பேனாவுமாக, ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ் மாதிரி உட்கார்ந்து குறித்துக்கொண்டாள். கிளினிக் பெண் சாப்பிட வந்து, எட்டிப் பார்த்து, “சார், வாய் கொப்புளிக்கச் சொல்லட்டுமா?” என்று கேட்டுவிட்டுத் திட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

இரண்டே முக்காலுக்கு இரண்டு சாய்வும் ஒன்றானது. சக்கரம் தரையில் உட்கார்ந்தபின் கடைசி போல்ட்டுகளை முறுக்க டாக்டர் உள்ளே நுழைந்தார். எட்டு போல்ட்டு. ஏழு முடிந்தது. எட்டாவதில் ஸ்பானரை மாட்டியபோது, ஜீப்புக்கும் தரைக்கும் இடையே இரண்டு பழுப்பு நிற ஷூக்கள் வந்து நின்றன. நன்றாகப் பாலிஷ் போட்டவை. மாமனாருடையவை.

“மாப்பிள்ளை.”

“மாமா! வாங்க மாமா!”

“கீழ என்ன பண்றீங்க?”

“பூனை மாமா. ஒரு பூனை உள்ள போயிடுச்சு.”

ஷூக்கள் மடங்கின. முழங்கால் தெரிந்தது. பிறகு மாமனாரின் தலையே கீழே வந்தது. டாக்டர் ஸ்பானரைத் தன் முதுகுக்கு அடியில் தள்ளி அதன்மேல் படுத்தார். வலித்தது.

“எங்க, காணோமே?”

“சின்ன பூனை மாமா.”

“புஸ், புஸ்” என்று மாமனார் கூப்பிட்டார். மாமியாரும் அந்தப் பக்கம் போய் “புஸ், புஸ்” என்றார். வேறு வழியில்லாமல் மனைவியும் கூப்பிட்டாள். இந்தக் கூச்சலில் எட்டாவது போல்ட்டு முறுக்கப்பட்டது. டாக்டர் ஊர்ந்து வெளியே வந்தார். நெற்றியில் ஒரு கிரீஸ் கோடு.

மாமனார் அந்தக் கோட்டைப் பார்த்தார்.

“சாவி குடுங்க. ஒரு ரவுண்டு போயிட்டு வருவோம். எல்லாரும் ஏறுங்க.”

டாக்டர் முன்சீட்டில் உட்கார்ந்தார். ஒருவேளை கடைசி முறையாக இருக்கலாம் என்பதால் நன்றாகவே உட்கார்ந்தார். பின்னால் மனைவியும் மாமியாரும்.

மெயின் ரோடு வந்தது. முப்பது. ஸ்டியரிங் நேராக இருந்தது, ஜீப்பும் நேராகப் போனது. நாற்பது. சத்தம் இல்லை. ஐம்பது. மனைவியின் நகம் பின்னாலிருந்து டாக்டரின் தோளில் இறங்கியது. அறுபது. டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

ஒன்றுமில்லை.

அறுபத்தைந்து. எழுபது. கண்ணைத் திறந்தார். கண்ணாடியில் ஒரு லாரி வந்தது. ஒரே ஒரு லாரி. பாலிஷ் போட்ட தரையில் சைக்கிள் உருள்வதுபோல ஜீப் போய்க்கொண்டிருந்தது. டாக்டருக்குக் குதித்துக் கத்த வேண்டும்போல இருந்தது. அடக்கிக்கொண்டார்.

மாமனார் வேகத்தைக் குறைத்தார். ஏற்றினார். மறுபடி குறைத்து, மறுபடி ஏற்றினார். பிறகு ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, நேரே பார்த்தபடி கேட்டார்.

“என்னமோ மாறியிருக்கே?”

டயரில் காற்று அடித்தேன் என்று சொல்லலாம். ரோடு புதுசாகப் போட்டிருக்கிறார்கள் என்று சொல்லலாம். பூனைமீதுகூடப் பழியைப் போடலாம். டாக்டர் வாயைத் திறந்தார். ஆனால் பூனைக்காக முட்டி போட்டுத் தேடிய மனிதரிடம் இரண்டாவது பொய் சொல்ல வாய் வரவில்லை.

“தொட்டுட்டேன் மாமா.”

“எத்தனை நட்டு?”

“எல்லா நட்டும். நாலு ஆர்மையும் கழட்டி மாட்டினேன். நடுவுல ரொம்பக் கெடுத்துட்டேன். நண்டு மாதிரிகூடப் போச்சு. அப்புறம் என் பேஷன்ட் ஒருத்தர் சொல்லிக் குடுத்து சரி பண்ணினேன். பூனை இல்ல மாமா. மன்னிச்சுக்கங்க. மச்சானையே மலைக்குக் கூட்டிட்டுப் போங்க.”

சொல்லி முடித்ததும் சொத்தைப் பல்லைப் பிடுங்கிப்போட்டது மாதிரி லேசாக இருந்தது. முன்சீட்டு போனால் போகிறது. மூச்சாவது விடலாம்.

மாமனாரின் மீசை இப்படியும் அப்படியும் அசைந்தது. கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“உங்க மச்சான் வண்டில தூங்குவான். எனக்குத் தூங்கறவங்க வேணாம். மலைக்கு வரும்போது அந்த டேப்பையும் ஸ்பானரையும் எடுத்துட்டு வாங்க.”

“மாமா!”

“ஆனா இனிமே தொடக்கூடாது.”

“சத்தியமா மாமா!”

மனைவியின் நகங்கள் தோளைவிட்டு எழுந்தன. டாக்டர் சீட்டில் சாய்ந்து, காலையிலிருந்து உள்ளே வைத்திருந்த மூச்சு முழுவதையும் வெளியே விட்டார். பின்னால் மாமியாரும் அதைவிட நீளமாக ஒரு மூச்சு விட்டார்.

“அப்பாடா! இந்த நடுக்கத்துக்கு மூணு ஒர்க்‌ஷாப்புல கைய விரிச்சுட்டாங்க, மாப்பிள்ளைகிட்ட வாய்விட்டுக் கேட்டா கௌரவம் போயிடும், ‘தொடாதீங்க’ன்னு சொல்லி சாவியக் குடுத்தா தானா சரி பண்ணிடுவார்னு சொல்லி, ஒன்பது நாளா எந்த ஊருக்கும் போகாம என் தங்கச்சி வீட்டு மாடியில என்னைய ஒளிச்சு வெச்சிருந்தார் இந்த மனுஷன், காலையில போன்ல அந்த ஸ்பானர் சத்தம் கேக்கற வரைக்கும் ‘இந்த மாப்பிள்ளை நெஜமாவே சொன்ன பேச்சக் கேட்டுடுவார் போலிருக்கே’ன்னு ஒரே பொலம்பல்!”